மரையில் வைத்த பொட்டு

"நான் சொல்றதை முழுசாக் கேளு, அவன் கிரீஸ் தடவலை, அதனாலதான்—"

"தடவாம விடுற ஆளு இல்லைன்னுதான் நானும்—"

"நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? மரை துருப்பிடிச்சு இறுகிப்போய்க் கெடந்துச்சு. கிரீஸ் இருந்தா ஏன் இறுகுது? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் லா."

"சின்னப் புள்ளைக்குத் தெரிஞ்சது அடைக்கலத்துக்குத் தெரியாமப் போச்சா? தீபாவளிக்கு இங்க சாப்பிட வந்தவன், ஃபேன் கத்துது அக்கான்னு சொல்லி, இலையில கை வைக்காம ஸ்டூல் போட்டு ஏறி எண்ணெய் விட்டான். அடுத்த வீட்டு ஃபேன் கத்தினாக்கூட அவனுக்குத் தூக்கம் வராது. அவன் மறப்பானா?"

"ஃபேன் வேற, டிராக்டர் வேற."

"ஆளு ஒண்ணுதானே?"

மாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்லண்ட்ஸில் அடுக்குமாடி வீடு. சமையலறைச் சன்னலுக்கு அந்தப் பக்கம் பொது நடைபாதை. சண்டை வந்தால் போகிற வருகிறவர்களுக்குக் கேட்குமே என்று குரலைத் தாழ்த்துவது அவர் வழக்கம். அன்று தாழ்த்தவில்லை. கேட்கட்டும் என்று பேசுகிறவர் போலவே பேசினார். மனைவி சந்திரமதிக்கு அதுவே புதிதாக இருந்தது.

கிராஞ்சிப் பக்கம் ஒரு புல்வெட்டுக் கம்பெனியில், வண்டிகள் நிற்கும் யார்டுக்கு மாணிக்கம் சூப்பர்வைசர். ஓய்வு வயது தாண்டியும் முதலாளி அவரை விடவில்லை. முதலாளி சீனர், எல்லாருக்கும் அவர் தவுக்கே. டிராக்டருக்குப் பின்னால் அகலமான புல்வெட்டியை மாட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத் திடல்களையும் சாலையோரங்களையும் வெட்டிவிட்டு வருவார்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது மாணிக்கம்; அதைக் கையால் செய்கிறவன் அடைக்கலம். புதுக்கோட்டைக்காரன். நாற்பதை ஒட்டிய வயது. வெளிநாட்டு ஆட்களுக்கான வேலை பெர்மிட்டில் வந்து, பெர்மிட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து, இந்த ஊரில் பாதி ஆயுளைக் கழித்தவன்.

அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத் திடலில் அவமானம் நேர்ந்துவிட்டது. மறுநாள் விளையாட்டு விழா. புல்வெட்டி கொஞ்சம் சாய்ந்து வெட்டுகிறது என்று அடைக்கலம் இறங்கி, அதைச் சமப்படுத்தும் கம்பியைத் திருகப் பார்த்தான். அசையவில்லை. இன்னொருவனையும் கூப்பிட்டு, திருகும் பிடியில் நீளக் குழாயை மாட்டி, இரண்டு பேரும் தொங்கினார்கள். மரை அறுத்துக்கொண்டது. புல்வெட்டி பின்பக்கமாகச் சரிந்து, ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்டிருந்த இடத்தை வயல் உழுததுபோலக் கிளறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் இனி உங்கள் கம்பெனியே வேண்டாம் என்றுவிட்டார்கள். தவுக்கே யார்டில் எல்லாரையும் நிற்க வைத்து யார் தப்பு என்று கேட்டார். மாணிக்கம் அடைக்கலத்தைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அடைக்கலத்தை யார்டுக்குள் விடவில்லை. தொழிலாளர் விடுதியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"எந்தக் கம்பிங்க அது?" என்றாள் சந்திரமதி. கையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். மூடி திறக்க வரவில்லை.

"சொன்னா உனக்குப் புரியாது."

"உங்களையே புரிஞ்சுக்கிட்டேன். ஒரு கம்பி புரியாதா?"

மாணிக்கத்துக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருக்கும்போதும் மெஷினைப் பற்றிக் கேட்டால் விளக்காமல் இருக்க முடியாது அவருக்கு. எழுந்து பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"இது ஏன் திறக்க மாட்டேங்குது?"

"விளிம்புல உப்புப் பூத்துடுச்சு."

"ஏன் பூத்துச்சு?"

"துடைக்காம மூடிட்டேன்."

"அதான். இங்க தொடைக்கணும். அங்க தொடைக்கவே கூடாது. வெளிய தெரியிற மரை இருக்குல்ல, அது மேல கிரீஸை அப்பி அப்படியே விட்டுறணும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா மழையும் மண்ணும் மேலயே நின்னுடும், உள்ள எறங்காது. யாராச்சும் அசிங்கமா இருக்கேன்னு தொடைச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பாட்டிலை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

சந்திரமதி கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க."

"சாப்பாடு போடு."

"அந்தக் கம்பி. நடுவுல குழாய் மாதிரி, ரெண்டு பக்கமும் திருகு திருகா மரை நீட்டிட்டு இருக்குமே. வண்டிக்கும் புல்வெட்டிக்கும் நடுவுல, மேலாப்புல..."

"டாப் லிங்க்."

"அதுக்கு என்ன பேரோ. அதா?"

"அதான்."

"அதுக்குத்தானே நான் ஆயுத பூஜையன்னிக்குப் பொட்டு வச்சேன்."

மாணிக்கம் சன்னலைப் பார்த்தார். நடைபாதையில் யாரும் போகவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்குச் சந்திரமதி யார்டுக்குப் போவாள். வண்டிகளை அடைக்கலமும் மற்றவர்களும் கழுவி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அவள் பன்னீரில் சந்தனம் குழைத்து, பானெட்டிலும் சக்கரத்திலும் கருவிகளிலும் பொட்டு வைத்துக்கொண்டே வருவாள். கடைசியில் தவுக்கே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று, நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டு, சுண்டல் பொட்டலத்தோடு போவார். முந்தின ஆண்டு பூஜையில் ஒரு குறை நேர்ந்திருந்தது. இந்தக் கம்பியில் வைத்த பொட்டு கிரீஸில் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. அந்த மாதமே மாணிக்கத்தின் விரல் சங்கிலியில் மாட்டி நகம் பிய்ந்தது. சந்திரமதி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"இந்தத் தடவை பொட்டு நிக்கணும்னு," என்றாள், மெதுவாக, "பழைய டூத் பிரஷ் கொண்டுக்கிட்டு வந்தேன். அங்க இருந்த பெயிண்ட் தின்னரை ஊத்தி, இண்டு இடுக்கெல்லாம் தேய்ச்சேன். கறுப்புக் கறுப்பாக் கழண்டு வந்துச்சு. வெள்ளிக் கொலுசு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம்தான் சந்தனம் பூசி, அது மேல குங்குமம் வச்சேன். அன்னிக்கு ஒட்டிக்கிச்சு."

மாணிக்கம் சன்னலோரம் போய் நின்றார்.

"நாந்தாங்க. அடைக்கலம் இல்ல. நான் தொடைச்சுட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றிருந்தது அவளுக்கு. மாணிக்கம் சன்னல் கம்பியில் ஒட்டியிருந்த ஏதோ தூசியை நகத்தால் சுரண்டினார்.

"ஏங்க, ஏதாச்சும் சொல்லுங்க."

"சாப்பாடு போடுன்னேன்ல."

"நான் இவ்வளவு பெரிய தப்பச் சொல்றேன், நீங்க—" அவள் நின்றாள். பார்வை அவர் முதுகில் நிலைத்தது. "அன்னிக்கு நீங்க பின்னாடி வந்து நின்னீங்க. பளபளன்னு இருக்கே, புது மாப்பிள்ளை மாதிரின்னு சொன்னீங்க."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"உங்களுக்குத் தெரியும்."

"கொஞ்சம் மெதுவாப் பேசு."

"இவ்வளவு நேரம் கத்தினது யாரு?"

"சந்திரா."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." அவர் இப்போதும் திரும்பவில்லை. "அறுந்த கம்பியைக் கையில வாங்கினப்பவே தெரியும். மரை இடுக்குல துரு, அதுக்குள்ள மஞ்சளா சந்தனம் இருந்துச்சு. வேற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிஞ்சுச்சு. கட்டை விரலால சுரண்டிட்டுத்தான் தவுக்கேகிட்ட குடுத்தேன்."

சந்திரமதி அடுப்பை அணைத்தாள். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

"சுரண்டிட்டு..."

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? என் பொண்டாட்டி தின்னர் போட்டு வெளக்கி, சாமிக்குப் பொட்டு வச்சா, அதுல மெஷின் ஒடஞ்சுதுன்னா? அந்த மனுஷன் நம்ம பூஜைக்கு வந்து செருப்பக் கழட்டிட்டு நிக்கிறாரு. இவனுங்க சாமி கும்பிட்டே வண்டியைக் கெடுத்துட்டானுங்கன்னு யார்டு முழுக்கச் சிரிக்க மாட்டாங்களா? அடுத்த வருஷம் பூஜையே வேணாம்னுட்டா? உன்னை எல்லாரும் எப்படிப் பாப்பாங்க? என்னை எப்படிப் பாப்பாங்க?"

"அடைக்கலத்தை எப்படிப் பாத்தாங்க?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவசரத்தில் அவர் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"மாணிக்கண்ணே, நூருன்னிசா பேசுறேன், ஆபீஸ்லேர்ந்து. சாப்பிட்டாச்சா?"

"ம். சொல்லும்மா."

"அடைக்கலம் விஷயம்தான். தவுக்கே உங்க வாயால இன்னொரு தரம் கேட்டுக்கிறேன்னாரு. அவன் வேலையில கவனம் இல்லாதவன், வச்சுக்க முடியாதுன்னு நீங்க உறுதியாச் சொன்னா, பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி அனுப்பிடலாமாம். திங்கக்கிழமை காலைல உங்களைக் கூப்பிடுவாரு."

"சரிம்மா."

"எனக்கு நம்பவே முடியலைண்ணே. என் பிரிண்டர் கத்துச்சுன்னா அவன்தான் வந்து பாப்பான். அவனா இப்படிப் பண்ணான்?"

மாணிக்கம் வாயைத் திறந்தார். சந்திரமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை பேசிக்கலாம்மா," என்றார்.

போனை வைத்தபிறகு இருவரும் சாப்பிட்டார்கள். ஊறுகாய் பாட்டில் திறக்கப்படாமலே மேசையில் இருந்தது.

மறுநாள் விளக்கேற்றப் போன சந்திரமதி குங்குமச் சிமிழைத் திறந்தாள், மூடினாள். படங்களுக்குப் பொட்டு வைக்கவில்லை. தன் நெற்றிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பார்க்காமல் வெளியே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குப் போறேன்," என்றாள்.

"என்ன வாங்கணும்? நான் வாங்கிட்டு வர்றேன்."

"வாங்கப் போகலை. அடைக்கலத்துக்குப் போன் பண்ணேன். வர்றேன்னான்."

"நீ எதுக்கு அவனுக்கு—"

"நான் செஞ்ச தப்பு, நான் சொல்ல வேண்டாமா?"

"சொல்லி? அவன் தவுக்கேகிட்ட போய்ச் சொல்லுவான். அதோட என் கதை முடிஞ்சுது."

"உங்க கதை முடிஞ்சா உட்லண்ட்ஸ்ல உக்காந்து டிவி பாப்பீங்க. அவன் கதை முடிஞ்சா?"

"அப்ப நானும் வர்றேன்."

"வாங்க. வந்து பக்கத்துல உக்காருங்க."

"வர்றேன்னுதான் சொன்னேன். உக்காருறேன்னு சொல்லலை."

ஞாயிற்றுக்கிழமைத் தேக்காச் சந்தையில் நடக்க வேண்டியதில்லை. நின்றால் போதும், கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஊரில் உள்ள எல்லா விடுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். போனில் குழந்தைகளுக்கு முகம் காட்டிக்கொண்டும், ஒரே பிளாஸ்டிக் பையை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டும், சும்மா ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டும். சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் அடைக்கலம் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. காலடியில் இரண்டு பைகள்.

மாணிக்கம் பத்தடி தள்ளி இருந்த பழக்கடையோடு நின்றுவிட்டார். வாழைப்பழச் சீப்புகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"வாங்கக்கா. உக்காருங்க. தே சொல்லவா? அண்ணன் வரலையா?"

"வருவாரு. தம்பி, என்ன இது பையெல்லாம்?"

"கோடாலித் தைலம்கா. ஊருக்குப் போனா ஆளாளுக்குக் கேப்பாங்க. அம்மாவுக்கு மூட்டு வலி, பெரியப்பாவுக்குத் தலைவலி, பக்கத்து வீட்டுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா அவங்களுக்கும் வேணும்." சிரித்தான். "மகளுக்குத் தண்ணி பாட்டில். பொத்தானை அமுக்கினா மூடி தானாத் தொறக்குது."

"போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"நாம எங்கக்கா முடிவு பண்றது."

தேநீர் வந்தது. சந்திரமதி கிளாஸைத் தொட்டாள், சூடு, கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள்.

"தம்பி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லும்போது என்னைப் பாக்காதே."

"என்னக்கா..."

"பாக்காதேன்னேன்."

அவன் கோடாலித் தைலத்தைப் பார்த்தான்.

"அந்தக் கம்பியில கிரீஸைத் தொடைச்சது நான். தொடைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. அழுக்குன்னு நெனச்சேன். சந்தனம் ஒட்டணும்னு நெனச்சேன். என்னாலதான் உன் மேல பழி விழுந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது இப்பதான், ஆனா அதுக்காக நான் தப்பிச்சுக்க முடியாது."

அடைக்கலம் தலையைச் சொறிந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அவளுக்காகக் கூசுகிறவன் போல உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்தபோதுதான் சந்திரமதிக்கு நிஜமாகவே உடம்பு சுட்டது.

"உனக்கும் தெரியுமா?"

"நீங்க தேய்க்கும்போது நான் அந்தப் பக்கம் சக்கரத்தைக் கழுவிட்டு இருந்தேங்க்கா."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? அக்கா, அதைத் தொடைக்காதீங்கன்னு ஒரு வார்த்தை?"

"எப்படிக்கா சொல்றது? பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தேய்ச்சீங்க. பூஜைக்குப் பண்றீங்க. சரி, இன்னிக்கு ஒரு நாள் பளபளன்னு இருக்கட்டும், நாளைக்குக் கிரீஸ் வச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

"நாளைக்கு ஏன் வைக்கலை?"

அவன் பழக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். மாணிக்கம் ஒரு சீப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"சொல்லு தம்பி."

"வேணாங்க்கா. முடிஞ்சு போச்சு."

"முடியலை. நாளைக்குக் காலைலதான் முடியப்போவுது. சொல்லு."

"மறுநாள் காலைல கிரீஸ் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கிட்டுப் போனேங்க்கா. அண்ணன் இருந்தாங்க. பொட்டு இருக்கே, அது மேலேயே பூசுறதா, தொடைச்சுட்டுப் பூசுறதான்னு கேட்டேன். அண்ணன் கம்பியைப் பாத்தாங்க. வேணாம், அழிக்காதே, அக்கா ஆசையா வச்சது, தானா உதிரட்டும், அப்புறம் வச்சுக்கலாம்னு சொன்னாங்க."

"அவரா?"

"எனக்கும் மனசு வரலைக்கா. பூஜையில வச்ச பொட்டைக் கை வச்சு எப்படித் தொடைக்கிறது? ஊர்லயும் அப்படித்தானே, பம்புசெட்டுல வச்ச சந்தனம் பொங்கல் வரைக்கும் இருக்கும். சரின்னு டப்பாவை மூடிட்டேன். அப்புறம் மழை புடிச்சுக்கிச்சு. பொட்டு என்னிக்குக் கரைஞ்சுதுன்னு தெரியலை. நானும் திரும்பப் பாக்கலை. அது என் தப்புத்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"தவுக்கேகிட்ட இதையெல்லாம் சொல்ல வேண்டியதுதானே?"

"கிரீஸ் வச்சியான்னு கேட்டாரு. வைக்கலைன்னேன். ஏன் வைக்கலைன்னு கேப்பாருன்னு பாத்தேன். கேக்கலை. அண்ணன் பக்கத்துலதான் நின்னாங்க. அவங்க சொல்லுவாங்கன்னு நெனச்சேன்." கிளாஸைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டான். "இவன்தான் பாத்துக்கிறவன், இவனைக் கேளுங்கன்னாங்க. சரி, அவங்களே அப்படிச் சொன்ன பெறகு நான் வாயத் தொறந்தா, அண்ணன் பொய் சொல்றாருன்னு ஆயிடும்ல? அத்தனை பேருக்கு முன்னாடி."

சந்திரமதி எழுந்தாள். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்தாள்.

"ஏங்க! அந்தப் பழத்தைப் பாத்தது போதும். இங்க வாங்க."

பழக்கடைக்காரரும் பக்கத்து மேசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மாணிக்கம் கையில் இருந்த சீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் அடைக்கலம் எழுந்து நின்றான். தன் நாற்காலியைக் கையால் தட்டித் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

"உக்காருங்கண்ணே."

மாணிக்கம் உட்காரவில்லை. அவர் உட்காராததால் அவனும் நின்றான். நாற்காலி நடுவில் காலியாக இருந்தது.

"பொட்டை அழிக்காதேன்னு நீங்க சொன்னீங்களா?" என்றாள் சந்திரமதி.

"இங்க வேணாம். வீட்ல பேசலாம்."

"வீட்ல பேசினப்ப இதைச் சொல்லலையே. நான் தொடைச்சதைச் சொன்னீங்க. சந்தனத்தைச் சுரண்டினதைச் சொன்னீங்க. இதை மட்டும் ஏன் வச்சுக்கிட்டீங்க? சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"எதுக்கு? பத்து பேருக்கு மெஷினைப் பத்திச் சொல்லிக் குடுக்கிறவரு. தொடைக்கவே கூடாதுன்னு எனக்கு ஊறுகாய் பாட்டிலை வச்சு விளக்கினவரு."

மாணிக்கம் பழப் பையை மேசைமேல் வைத்தார். அது சரிந்து கோடாலித் தைலப் பையின்மேல் சாய்ந்தது. அவர் அதை நிமிர்த்தினார். மறுபடி சரிந்தது.

"அன்னிக்கு நீ சந்தோஷமா இருந்தே," என்றார்.

பத்தடி தூரத்தில் ஒருவன் போனில் யாருக்கோ தாலாட்டுப் போல எதையோ பாடிக்கொண்டிருந்தான். சந்திரமதி உட்கார்ந்து, கிளாஸில் இருந்த தேநீரைக் குடித்தாள். ஆறியிருந்தது.

அடைக்கலத்துக்குத்தான் தாங்கவில்லை.

"விடுங்கக்கா. அண்ணனைப் போட்டு... எத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டீங்க. தீபாவளின்னா உங்க வீடுதான் எனக்கு. இதுக்குப் போயி." பிறகு, பேச்சை மாற்றுகிறவன் போலச் சிரித்துக்கொண்டு மாணிக்கத்திடம் சொன்னான். "அண்ணே, புது டாப் லிங்க் வந்துச்சுல்ல, என்னை விடுதிக்கு அனுப்பின அன்னிக்கு. கெளம்புறதுக்கு முன்னாடி மரை ரெண்டுலயும் கிரீஸ் வச்சு, உள்ள வெளிய ஓட்டி விட்டுட்டுத்தான் வந்தேன். அடுத்த வருஷம் அக்கா வந்தா பானெட்ல மட்டும் வைக்கச் சொல்லுங்க. கம்பிக்கு வேணாம்."

அடுத்த ஆண்டு தான் அங்கே இருக்கப் போகிறோமா என்பதை அவன் சேர்த்துச் சொல்லவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது.

மாணிக்கத்தின் கை தானாக எழுந்தது. அவன் தோளைத் தொடப் போகிறார் என்று சந்திரமதி நினைத்தாள். கை பாதியில் நின்று, தன் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டது. கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் கறுப்பாக எதுவோ ஒட்டியிருந்தது. கிரீஸாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். அவர் அந்த விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார்.

"நான் தவுக்கேகிட்ட போன்ல வேணா..." என்று ஆரம்பித்தார்.

"போன்ல பழி சொன்னீங்களா?"

"இல்ல."

"நேர்ல, எல்லாரையும் நிக்க வச்சு."

"தவுக்கேதான் நிக்க வச்சாரு."

"நின்னவங்க எல்லாரும் கேட்டாங்கதானே?"

"அக்கா, வேணாங்க்கா," என்றான் அடைக்கலம். "அண்ணனுக்கு வயசான காலத்துல..."

"நீ சும்மா இரு தம்பி. நீ சும்மா இருந்து சும்மா இருந்துதான் இவ்வளவு தூரம் வந்துச்சு. நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி பொட்டு வச்சுட்டு வந்தேன். இவரும் பாத்துட்டே நின்னாரு."

அவள் எழுந்தாள். வாழைப்பழப் பையை எடுத்து அடைக்கலத்தின் பைக்குள் திணித்தாள். அவன் வேண்டாம் என்றான். அவள் காதில் வாங்கவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவரின் எதிரே போய் நின்றாள். அவர் உயரமானவர். அவள் முகத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. அவரோ காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல நானும் உங்ககூட யார்டுக்கு வர்றேன். எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வைக்கச் சொல்லுங்க. அங்க நீங்க மொதல்ல சொல்றீங்களா, இல்ல நான் மொதல்ல சொல்லட்டுமா?"